டிவியில் வெளிறிப்போகும் ஹெச்டிஆர் வீடியோ

போனில் ஹெச்டிஆரில் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் விரிவோடு காட்டும் முறை) எடுத்த அக்கா மகனின் காதுகுத்து வீடியோவை கிராஃபிக்ஸ் கார்டு வழியாக ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு வடிவம்) ஆக்கி, பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினேன். அக்காவின் அரக்குப் பட்டுப்புடவை சாயம் போன மாதிரி சாம்பல் பூத்துத் தெரிந்தது. உடனே டிவியைத் திட்டாதீர்கள், முதலில் கோப்பைப் பாருங்கள்.

கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தால் மெயின் 10 புரொஃபைல், 10 பிட், கலர் பிரைமரீஸில் பிடி.2020 (ஹெச்டிஆருக்கான நிற வரம்பு) என்று இருக்க வேண்டும். என் கோப்பில் 10 பிட் சரி, நிறக் குறிப்புகளைத்தான் காணோம். குறிப்பு இல்லாவிட்டால் டிவி அதைச் சாதாரண வீடியோ என்றே எடுத்துக்கொள்ளும்.

மறுபடி என்கோடு செய்ய வேண்டியதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் வீடியோவைக் காப்பி என்று வைத்து, ஹெச்இவிசி மெட்டாடேட்டா ஃபில்டரில் பிரைமரீஸ் 9, டிரான்ஸ்ஃபர் 18, மேட்ரிக்ஸ் 9 என்று கொடுங்கள். 18 என்பது ஹெச்எல்ஜி என்ற ஹெச்டிஆர் வகைக்கு. என் போன் அதில்தான் எடுத்திருந்தது. இன்னொரு வகையான ஹெச்டிஆர்10 என்றால் 16. நான் அவசரத்தில் 16 போட்டுவிட்டு, குழந்தையின் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அரைமணி நேரம் முழித்தேன்.

8 பிட் என்று காட்டினால் வேறு வழியில்லை, மூலக் கோப்பிலிருந்து புதிதாகத்தான் தொடங்க வேண்டும். அப்புறம், லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐயில் இணைப்பவர்கள் அந்தப் போர்ட்டுக்கு ஹெச்டிஆர் சிக்னல் அனுமதி இருக்கிறதா என்று டிவி செட்டிங்ஸில் பாருங்கள்.