4 முத்துக்குப் பார்த்து 35 முத்தைக் கோட்டைவிடுவது

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிமிட் ஹோல்டம் ஓடும். பெட் அளவு முன்கூட்டியே கட்டுப்பட்ட போக்கர் சீட்டாட்டம் அது. காசு கிடையாது. பாட்டியின் பல்லாங்குழிக்கென்று சேர்த்து வைத்த புளியமுத்துதான் சிப். கடைசியில் யாரிடம் முத்து குறைவோ, அவர் எல்லோருடைய டீ டம்ளரையும் கழுவ வேண்டும். 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் வந்த பிறகு, தெருப் பையன்கள் நான்கு பேர் போனை வைத்துவிட்டு மாடியேறி வந்தார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்புகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள்.

எல்லாக் கையையும் ஆடாதே, சீட்டைப் பக்கத்து ஆளுக்குக் காட்டாதே என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் தானாகப் புரிந்துவிடும். அதை விடுங்கள்.

எங்கள் மாடிக் கணக்கு 2-4. ஆளுக்கு இரண்டு சீட்டு போட்டதும், அப்புறம் நடுவில் மூன்று பொதுச்சீட்டு விரிக்கும் ஃப்ளாப்பிலும் பெட், அதாவது பந்தயம், 2 முத்து. நாலாவது பொதுச்சீட்டான டர்னிலும் கடைசிப் பொதுச்சீட்டான ரிவரிலும் 4. ரெய்ஸ், அதாவது பெட்டை ஏற்றுவதும், அதே அளவுதான். கையில் இருப்பதையெல்லாம் நகர்த்தி யாரையும் மிரட்ட முடியாது.

ரெய்ஸுக்குப் பின்னால் வெறும் கால்

முன்னால் ஒருவர் ரெய்ஸ் பண்ணிவிட்டார். நீங்கள் இன்னும் ஒரு முத்தும் போடவில்லை. கையில் ராஜா-ஜாக்கி. "சரி, பார்ப்போமே" என்று கால், அதாவது கேட்ட முத்தைப் போட்டு ஆட்டத்தில் நிற்கிறீர்கள். அந்தப் பார்ப்போமேதான் வினை. அவரை மிஞ்சும் கை என்றால் இன்னொரு ரெய்ஸ் போட்டுப் பின்னால் இருப்பவர்களைக் கிளப்பிவிடுங்கள். இல்லையா, சீட்டைக் கவிழ்த்து (ஃபோல்ட்) விலகிவிடுங்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக 2 முத்து போடும் பிக் பிளைண்டில் இருந்தால் மட்டும் கதை வேறு. இன்னும் 2 முத்துதான் கேட்கும்.

ரிவரில் ஒரே ஒரு பெட்டுக்கு ஃபோல்ட்

போன மாதம் நடந்தது. தம்பி ஒருத்தன் ராஜா-ராணியோடு ரெய்ஸ் பண்ணினான். பட்டனில், அதாவது ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடத்தில், என் மச்சான் கால், பிக் பிளைண்டில் பெரியப்பா கால். ஸ்மால் பிளைண்ட் கட்டாயமாகப் போட்டுவிட்டுப் போன 1 முத்தோடு சேர்த்து நடுவில் 13. ஃப்ளாப்பில் கிளாவர் ராஜா, ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு. தம்பி பெட், இரண்டு பேரும் கால், 19 ஆயிற்று. டர்னில் இஸ்பேட் இரண்டு. மறுபடி பெட், மறுபடி இரண்டு கால், 31. ரிவரில் விழுந்தது ஆட்டின் மூன்று. பெரியப்பா செக் (பெட் போடாமல் விட்டார்), தம்பி செக். மச்சான் 4 முத்தை எடுத்து நடுவில் தள்ளினார். பெரியப்பா கவிழ்த்தார்.

தம்பி வானத்தைப் பார்த்தான், மச்சான் முகத்தைப் பார்த்தான். கடைசியில் ராஜா-ராணியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மல்லாக்கப் போட்டுவிட்டு, "பிளஷ்ணே, படிச்சிட்டேன்" என்றான். மச்சானிடம் ஒரே ரகத்தில் ஐந்து சீட்டு, அதாவது பிளஷ், சேர்ந்துவிட்டது என்று நினைப்பு. மச்சான் சிரித்துக்கொண்டே தன் சீட்டைக் காட்டினார். இஸ்பேட் ஜாக்கி, இஸ்பேட் பத்து. ஏழோ ராணியோ வரும், ஐந்து சீட்டு வரிசையாகி ஸ்ட்ரெய்ட் ஆகும் என்று காத்திருந்து ஒன்றும் வராத கை. ஒரு ஜோடிகூட இல்லை.

அவன் தோற்றதுகூடப் பரவாயில்லை, மல்லாக்கப் போட்டானே, அதுதான் எனக்கு எரிச்சல். நானும் ஒரு காலத்தில் இப்படிக் கவிழ்த்துவிட்டு, ஏதோ சாமர்த்தியம் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

அன்றைக்கு எனக்குச் செய்ததையே பெரியப்பா இவனுக்கும் செய்தார். பாயில் நந்நான்கு முத்தாக ஒன்பது குவியல் வைத்தார்: 36. எதிரில் ஒரே குவியலாக 35, நடுவில் கிடந்த 31-உம் மச்சானின் 4-உம். "ஒம்பது தடவ கால் போட்டுத் தோத்தா இது போகும். பத்தாவது தடவ ஒண்ணு ஜெயிச்சா அது வரும். அவன் பத்துல ரெண்டு தடவகூடவா டூப் விட மாட்டான்?" ரெண்டு தடவை என்றால் போவது 32, வருவது 70.

ஏற்கெனவே இவ்வளவு போட்டாச்சே என்பதற்காகக் கால் போடச் சொல்லவில்லை. போட்டது போனதுதான். நடுவில் கிடக்கும் குவியல் பெரிது, கேட்கும் விலை சின்னது, கணக்கு அவ்வளவுதான். குவியல் சின்னதாக இருந்தால் கணக்கும் மாறும்: எதிராளியின் பெட்டோடு சேர்த்து 12 முத்துதான் கிடக்கிறது என்றால் நாலில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். டூப்பைக்கூட ஜெயிக்க முடியாத வெறும் கையென்றால் கவிழ்த்துவிடலாம்.

பையன்களைக் குறை சொல்லியும் பயனில்லை. போனில் ஆடிப் பழகியது நோ-லிமிட். அங்கே ரிவரில் குவியல் அளவுக்கே பெட் வரும், பயப்படுவதில் நியாயம் உண்டு. இங்கே வருவது 4 முத்து. பயம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

நடுச்சீட்டுக்குக் காத்திருப்பது

டர்னில் நீங்கள் பார்க்காத சீட்டு 46. நடுவில் ஒன்று விட்டுப்போன ஸ்ட்ரெய்ட்டைக் காப்பாற்றுவது 4. ஆகவே 4 முத்து போட, நடுவில் 42 முத்தாவது கிடக்க வேண்டும். பிளஷுக்கு 9 சீட்டு இருக்கிறது, 17 முத்து போதும்.

தோற்ற கடுப்பில் ரெய்ஸ்

எழுந்து போய் டீ போடுங்கள்.

பெரியப்பா ரிவரில் ரெய்ஸ் பண்ணினால்

மேலே சொன்ன கணக்கு பெட்டுக்கு. வருஷம் முழுக்கக் கால் மட்டுமே போடும் ஆள் ரிவரில் ரெய்ஸ் பண்ணினால் அவர் டூப் விடவில்லை. பெரியப்பா அப்படிப் பண்ணி நான் பார்த்தது மூன்றே தடவை. மூன்றாவது தடவை சந்தேகப்பட்டுக் கால் போட்டேன். ஃபுல் ஹவுஸ், மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும் சேர்ந்த பெரிய கை. அன்றைக்கு ஒன்பது டம்ளர்.