முஷ்டிக்குள் பென்சில்

என் வகுப்பில் ஐந்து வயசுப் பையன் ஒருத்தன், பென்சிலை உலக்கை மாதிரி முஷ்டியில் பிடிப்பான். இரண்டு வரி எழுதுவதற்குள் "கை வலிக்குது டீச்சர்". நானும் விரலைப் பிடித்துப் பிடித்துத் திருத்தினேன். அவன் முகம் சுருங்கியதுதான் மிச்சம்.

பிரச்சினை விரல் பலத்தில் என்று ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) சொன்ன பிறகுதான் உறைத்தது. எழுத்தைக் கொஞ்ச நாள் ஓரங்கட்டினேன். துணி கிளிப்பால் பஞ்சு உருண்டைகளைக் கவ்வி டப்பாவில் போடும் போட்டி வைத்தேன். களிமண்ணுக்குள் மணிகளை ஒளித்துத் தோண்டச் சொன்னேன் (வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, பக்கத்திலேயே உட்காருங்கள்). தாளைச் சுவரில் ஒட்டி, நின்றபடி வரைந்தார்கள். அப்படி வரையும்போது மணிக்கட்டு தானாகவே, எழுதுவதற்கு ஏற்றபடி, பின்னால் வளையும்.

எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது உடைந்த கிரேயான். சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டை முஷ்டியில் எப்படிப் பிடிப்பது? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வந்துதான் ஆக வேண்டும். புதுக் கிரேயானை நானே படக்கென்று உடைத்தபோது பிள்ளைகள் பார்த்த பார்வை இருக்கிறதே!

தினம் பத்து நிமிஷம்தான். ஏழெட்டு வாரம் கழித்து ஒருநாள், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஒரு பொத்தான் துளை மாறிப் போயிருந்தது. எழுத்து இன்னும் கோணல்தான்; கை வலிக்கிறது என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.