சஃபாரிக்குச் சோடியாகப் போகிறீர்களா? முதலில் தடுப்பூசி

கலியாணம் முடிந்த கையோடு வன்னியிலிருந்து கென்யா, தன்சானியா போக நினைப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட 10 நாளாவது இருக்கும்போதே போட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தடுப்பூசி போட்ட அட்டையைக் கேட்பார்கள்.

அந்த இரு நாடுகளிலும் ஓடும் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் எனும் காட்டுமாட்டுக் கூட்டம் கடப்பதைப் பார்க்க ஜூலை முதல் ஒக்டோபர் வரை நல்ல காலம். விடியப்புறம் திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அறையும். கிளிநொச்சி வெயிலில் வளர்ந்த உடம்புக்குத் தடித்த சுவெட்டர் கட்டாயம் வேண்டும். அப்புறம், கறுப்பு, கடும் நீல உடுப்பு வேண்டாம். கடித்து இரத்தம் குடிக்கும் செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும்.

செலவு கூடினாலும் உங்கள் இருவருக்கும் மட்டுமாக ஒரு ஜீப் எடுங்கள். வயலுக்குள் யானை இறங்கினால் வெடி கொளுத்தி விரட்டிய நாங்கள், அங்கே குட்டியோடு நிற்கும் யானையை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.