பெங்களூரில் வாடகை ஆபீஸ் இன்டீரியர்: பட்ஜெட் ஷீட் போடும் முறை

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ இந்திராநகரிலோ ஒரு மாடியைப் பார்த்துவிட்டு, "இன்டீரியருக்குச் சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவர் கணக்கிலும் பரப்பு வேறு, வேலைப் பட்டியல் வேறு. ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஷீட்டைத் திறங்கள். கீழே 40 பேர் உட்காரும் ஆபீஸை வைத்துக் கணக்கு. ரூபாய்த் தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. பார்க்க வேண்டியது அளவுகளை.

படி 1: பரப்பு

வாடகை பேசுவது சூப்பர் பில்ட்-அப்பில். லிஃப்ட், படிக்கட்டு, லாபி எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதில் சேர்ந்திருக்கும். இன்டீரியர் வேலை நடப்பது கார்பெட் ஏரியாவில் (சுவர்களுக்குள் நீங்கள் புழங்கும் தரைப் பரப்பு) மட்டும். அக்ரிமென்ட்டில் 4,000 சதுர அடி, அதில் 70 சதவீதம் தேறுகிறது என்றால் கையில் 2,800. அடிக்கு 1,800 ரூபாய் என்ற அதே ரேட் ஒன்றில் 72 லட்சம், மற்றதில் 50.4 லட்சம்.

புரோக்கர் அனுப்பும் வரைபடத்தை நம்ப வேண்டாம். லேசர் மீட்டர் ஒன்று வாங்கி நீங்களே அளந்துவிடுங்கள். டேப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், தூண் இருக்கும் இடத்தில் அது வளையும். பீமின் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி டக்ட் (குளிர்காற்று போகும் குழாய்) அதற்குக் கீழேதான் ஓட வேண்டும். ஃபால்ஸ் சீலிங் உயரத்தை முடிவு செய்வது அதுதான்.

படி 2: "யார் தலையில்?" என்றொரு காலம் (column)

கூகுள் ஷீட் போதும். இதற்கென்று விற்கும் சாஃப்ட்வேர்கள் இந்த அளவு வேலைக்குத் தேவையில்லை. வேலை, யூனிட், அளவு, ரேட், ஜிஎஸ்டி ஆகியவற்றோடு கட்டாயம் ஒரு காலம்: பில்டிங் ஓனரா, காண்ட்ராக்டரா, நாமா? ஒரு வரிகூட அந்த இடத்தில் காலியாக இருக்கக்கூடாது.

படி 3: கரண்ட், ஏசி, ஃபயர்

பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் லோடு கணக்கு:

- 40 சீட், சீட்டுக்கு 150 வாட்: 6 கிலோவாட்
- எல்இடி விளக்குகள்: 2 கிலோவாட்
- ஏசி: 175 சதுர அடிக்கு ஒரு டன் என்றால் 16 டன், டன்னுக்குச் சுமார் 1.2 கிலோவாட்: 19 கிலோவாட்
- பேன்ட்ரி, சர்வர், யூபிஎஸ் சார்ஜிங்: 5 கிலோவாட்

மொத்தம் 32. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் தளம் என்றால், அல்லது மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால், டன் இன்னும் ஏறும்.

இப்போது ஓனரிடம் பெஸ்காம் (பெங்களூரின் மின் விநியோக நிறுவனம்) பில்லைக் கேளுங்கள். அனுமதித்த லோடு அதிலேயே இருக்கும். 20 கிலோவாட் என்றிருந்தால் மீதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் ஓனர்தான், ஏனென்றால் கனெக்ஷன் அவர் பேரில். டெபாசிட்டும் கட்டணமும் யார் கட்டுவது என்பதை அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றால் அந்தத் தொகை உங்களுடையது என்றே ஷீட்டில் போடுங்கள். லோடைக் கூட்டாமல் ஓட்டிவிடலாம் என்ற யோசனை வேண்டாம்; தாண்டிய லோடுக்குப் பில்லிலேயே அபராதம் ஏறும்.

அடுத்தது கேபிள். ஓனர் "மீட்டர் ரூம் வரை கரண்ட் கொடுத்திருக்கேன்" என்பார். காண்ட்ராக்டரின் கொட்டேஷன் உங்கள் தளத்து டிபியில் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) ஆரம்பிக்கும். பேஸ்மென்ட்டிலிருந்து நான்காம் மாடி வரை 40 மீட்டர் தடித்த நாலு-கோர் கேபிளும், அது ஏறும் ட்ரேயும் இரண்டு பேர் கணக்கிலும் இருக்காது. ஜெனரேட்டர் லைனுக்கும் இதே கதிதான்.

ஏசியிலும் இதே இடைவெளி உண்டு. சென்ட்ரல் ஏசி கட்டடமென்றால் ஓனர் தருவது ஏஹெச்யூ (காற்றைக் குளிர்வித்துத் தள்ளும் யூனிட்) வரைதான். டக்ட், இன்சுலேஷன், கிரில், தெர்மோஸ்டாட் உங்களுடையவை. ஸ்ப்ளிட் அல்லது கேசட் என்றால் அவுட்டோர் யூனிட் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். டெரஸ்தான் என்றால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காப்பர் பைப் நீளும், ஏசி விலையில் சேர்ந்து வருவது சில மீட்டர்தான். மீட்டர் கணக்கில் தனி வரி போடுங்கள். டிரெயின் பைப்பும் பைப் போகச் சுவரில் துளை போடும் கோர் கட்டிங்கும் தனித்தனி வரிகள்.

ஃபயர்: நீங்கள் அடைக்கும் ஒவ்வொரு அறைக்கும் ஸ்ப்ரிங்க்லரும் ஸ்மோக் டிடெக்டரும் வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் 800 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அங்கேயும் வேண்டும். பெரிய கட்டடங்களில் இந்த வேலையைப் பில்டிங்கின் ஆள்தான் செய்வார். பேரத்துக்கு இடமே இல்லை. கேபின்களைக் குறைப்பதுதான் ஒரே சிக்கனம்.

படி 4: அளவுகள்

ஜிப்சம் பார்ட்டிஷனை ஒரு பக்கம்தான் அளப்பார்கள், பெயின்ட்டை இரண்டு பக்கமும். 10க்கு 12 மீட்டிங் ரூமின் சுற்றளவு 44 அடி. சுவரை 9 அடி சீலிங்கோடு நிறுத்தினால் 396 சதுர அடி. 11 அடி உயரத்தில் இருக்கும் ஸ்லாப் (கான்கிரீட் கூரை) வரை ஏற்றினால் 484. அந்த 88 சதுர அடியை மிச்சம் பிடித்தால் உள்ளே பேசுவது சீலிங் வழியாக வெளியே கேட்கும். மீட்டிங் ரூமுக்கு மட்டுமாவது ஸ்லாப் வரை ஏற்றி, நடுவில் சத்தத்தை உறிஞ்சும் கிளாஸ் வுல் வையுங்கள்.

நெட்வொர்க்: சீட்டுக்கு இரண்டு பாயின்ட் பழைய வழக்கம்; ஒன்று போதும், மிச்சத்தை நல்ல வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டில் போடுங்கள். 40 சீட்டோடு கேமரா, பிரின்டர், வைஃபைக்கு 12. சராசரி 30 மீட்டர் என்றால் 1,560 மீட்டர். கேட்-6 நெட்வொர்க் கேபிள் பெட்டி 305 மீட்டர், ஆக 6 பெட்டி. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விலை விசாரித்துவிட்டுக் காண்ட்ராக்டர் ரேட்டைப் பாருங்கள்.

பிளைவுட்: ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) தண்ணீர் புழங்கும் பேன்ட்ரிக்கு. மற்ற இடங்களுக்குச் சாதாரண பிளைவுட்டான ஐஎஸ் 303 போதும்.

படி 5: கொட்டேஷன்

காண்ட்ராக்டரின் பட்டியலை வாங்காதீர்கள். உங்கள் ஷீட்டில் ரேட் காலத்தைக் காலியாக்கி மூன்று பேருக்கு அனுப்புங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். திரும்பி வந்ததும் முதலில் படிக்க வேண்டியது கடைசிப் பக்கம், "இதில் அடங்காதவை" இருக்கும் இடம். குப்பை அகற்றல், இரவு வேலைக்கூலி, வேலை நேரத்துக் கரண்ட் பில் எல்லாம் அங்கே ஒளிந்திருக்கும். பல கட்டடங்களில் டிரில்லிங் பகலில் கூடாது, லாரிக்கும் நகருக்குள் பகல் கட்டுப்பாடு உண்டு. ஆகவே இரவுக்கூலி வந்தே தீரும்.

"லம்ப்சம்" (அளவு இல்லாமல் மொத்தத் தொகை) என்று எழுதிய வரிகளுக்கு அளவு கேளுங்கள். எல்லாம் முடிந்தபின் 10 சதவீதம் எதிர்பாராததற்கு. இதைக் காண்ட்ராக்டரிடம் சொல்ல வேண்டாம்.

படி 6: ஜிஎஸ்டி

வொர்க்ஸ் கான்ட்ராக்ட்டுக்கு (பொருளும் கூலியும் சேர்ந்த கட்டட வேலை ஒப்பந்தம்) 18 சதவீதம். சுவர், சீலிங், தரை போலக் கட்டடத்தோடு ஒட்டி, கணக்கில் கேப்பிடலைஸ் ஆகும் (செலவாக அல்லாமல் சொத்தாக எழுதப்படும்) வேலைகளுக்கு அந்த வரியைக் கிரெடிட்டாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்க, முடியாது. சிஜிஎஸ்டி சட்டம் 17(5) தடுக்கிறது. நாற்காலி, மேஜை போன்ற நகரும் பொருட்களுக்கு எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே டர்ன்கீ (எல்லா வேலையும் ஒருவரிடமே) பில்லாக வாங்கினால் இந்தப் பிரிவு குழம்பிவிடும். ஃபர்னிச்சருக்குத் தனி ஆர்டர், தனி பில் கேளுங்கள். எது எந்தப் பக்கம் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

படி 7: பணம் எந்த மாதம்?

செக்யூரிட்டி டெபாசிட், இன்டீரியர் வேலைக்காகப் பில்டிங் கேட்கும் ஃபிட்-அவுட் டெபாசிட், காண்ட்ராக்டர் அட்வான்ஸ் மூன்றும் ஒரே மாதத்தில் வந்து விழும். வாடகை இல்லாத காலம் சாவி கொடுத்த நாளிலிருந்து ஓடும், கரண்ட் வந்த நாளிலிருந்து அல்ல. அதனால் குறைந்தது ஒரு மாத வாடகையை இன்டீரியர் செலவிலேயே சேருங்கள். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்துவைத்து, குறை சரிசெய்யும் காலம் முடிந்தபின் கொடுங்கள்.

படி 1-இல் வந்த 50.4 லட்சத்தை 36 மாத லாக்-இன்னால் (காலி செய்ய முடியாத காலம்) வகுத்தால் மாதம் 1.4 லட்சம், சீட்டுக்கு 3,500. அதை வாடகையோடு கூட்டி, கோ-வொர்க்கிங் சீட் விலையோடு ஒப்பிடுங்கள்.

பிறகு சேர்த்தவை

22 செப்டம்பர் 2025 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18. பழைய டெம்ப்ளேட் பயன்படுத்துபவர்கள் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

காலி செய்யும்போது இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்ற ஷரத்து அக்ரிமென்ட்டில் இருந்தால் இடிப்புக்கூலிக்கும் இப்போதே ஒரு வரி போடுங்கள். சாவி வாங்கும் அன்றே எல்லா மூலையையும் படமெடுத்து ஓனருக்கு மெயில் அனுப்பினால், "பழையபடி" என்றால் எது என்ற சண்டை வராது.

பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்குவது பற்றிப் பலர் கேட்டார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் கால்களை இணைக்கும் பிராக்கெட்டும் வயர் போகும் ரேஸ்வேயும் லாட்டில் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அவை தனியாகக் கிடைப்பது கஷ்டம். கழற்றி, ஏற்றி, மறுபடி மாட்டும் கூலியையும் சேர்த்துத்தான் சீட் விலை பேச வேண்டும்.