ஒப்புதல் படிவமும் நோயாளியின் சம்மதமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995ஆம் ஆண்டு மே மாதம், மாதவிடாய்ப் போக்கு நிற்காமல் அவதிப்பட்ட 44 வயதுப் பெண் ஒருவர் டெல்லியில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் சென்றார். லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி வயிற்றுக்குள் பார்ப்பது) செய்து காரணத்தைக் கண்டறிவதற்குத்தான் அவர் கையெழுத்திட்டார்; தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்ற வரியும் அந்தப் படிவத்தில் இருந்தது. அவர் முழு மயக்கத்தில் இருந்தபோது, அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்த உதவியாளர், அங்கே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிச் சென்றார். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் கருக்குழாய்களும் அகற்றப்பட்டன. திருமணமாகாத அந்தப் பெண் கண் விழித்த பின்னரே தமக்கு நேர்ந்ததை அறிந்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அந்தச் சிகிச்சை மருத்துவ அடிப்படையில் தவறானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நோய்க்கு ஏற்ற சிகிச்சையாகவே இருந்தாலும், சம்மதமில்லாமல் செய்தது தவறு என்றுதான் சொன்னது. நல்லெண்ணத்தோடு செய்ததைக் கருத்தில் கொண்டு இழப்பீட்டை 25,000 ரூபாயாகக் குறைத்து நிர்ணயித்து, அறுவைக்கான கட்டணத்தையும் மருத்துவர் பெறக்கூடாது என்றது. இழந்ததன் முன் அந்தத் தொகை மிகச் சிறியது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்த நெறி பெரியது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குப் பொருந்தாது; ஓர் அறுவைக்குத் தந்த ஒப்புதல் மற்றோர் அறுவைக்குப் பொருந்தாது; தாமதித்தால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்ற நிலை இருந்தாலொழிய, மயக்கம் தெளியும்வரை காத்திருந்து நோயாளியையே கேட்க வேண்டும்.

இன்றும் நம் மருத்துவமனைகளில் மிகுதியாக நடக்கும் தவறு, கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு உடன் வந்தவரைக் கேட்பதே. "கூட யார் வந்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு மகனோ கணவரோ முன்னால் வந்து நிற்க, எல்லா விளக்கமும் அவருக்கே சொல்லப்படுகிறது, கட்டிலில் இருப்பவர் தம்மைப் பற்றிய பேச்சை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 18 வயது நிறைந்த, தெளிவான நினைவோடு இருக்கும் ஒருவருக்காக வேறு எவரும், பெற்ற தாயேயானாலும், ஒப்புதல் தர முடியாது. கருக்கலைப்பிலும் இதே நிலைதான்: 1971ஆம் ஆண்டுச் சட்டம் வயதுவந்த பெண்ணின் ஒப்புதலை மட்டுமே கேட்கிறது, அவர் மனநோயுற்றிருந்தால் மட்டும் காப்பாளரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. ஆயினும் கணவர் கையெழுத்திட்டால்தான் செய்வோம் என்று திருப்பி அனுப்பப்படும் பெண்கள் இருக்கிறார்கள். வாரங்கள் கணக்கிடப்படும் ஒரு சிகிச்சையில் அந்த அலைச்சலின் விலை அதிகம்.

இதன் இன்னொரு முகம், "அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று பிள்ளைகள் கெஞ்சுவது. அது அன்பினால் எழும் வேண்டுகோள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதற்காக என்றே தெரியாமல் கீமோதெரபிக்குக் கை நீட்டுபவர் எதற்குச் சம்மதித்தார் என்று சொல்வது? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யாரிடம் பேசச் சொல்கிறார் என்று முதலில் அவரையே கேட்பதுதான் மருத்துவரின் கடமை. "எல்லாவற்றையும் என் மகளிடமே சொல்லுங்கள்" என்று அவர் சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான்.

முடிவெடுக்கும் திறனை மதிப்பிடுவதில் நேரும் தவறுகள் இதைவிட நுட்பமானவை. முதுமை, எழுத்தறிவின்மை, மனநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே "இவருக்கு ஒன்றும் புரியாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதற்கு நேரெதிராக, மனநோய் உள்ளவரும் முடிவெடுக்கும் திறன் உள்ளவராகவே கருதப்பட வேண்டும் என்று தொடங்குகிறது; தகவலைப் புரிந்துகொள்கிறாரா, விளைவை உணர்கிறாரா, முடிவைப் பேச்சாலோ முகக்குறிப்பாலோ சைகையாலோ தெரிவிக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. ஒருவரின் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்றாகிவிடாது என்றும் சொல்கிறது. மனநலச் சிகிச்சைக்காக எழுதப்பட்ட இந்த வரி எல்லா வார்டுகளிலும் நினைவில் வைக்கத்தக்கது. ஏனெனில், மருத்துவர் சொன்னதற்குத் தலையாட்டும்வரை எவருடைய திறனும் சோதிக்கப்படுவதில்லை. மறுத்தவுடன்தான் சந்தேகம் கிளம்புகிறது.

திறன் நேரத்துக்கு நேரம் மாறக்கூடியது என்பதையும் மறந்துவிடுகிறோம். காய்ச்சலிலோ ரத்தத்தில் சோடியம் என்னும் உப்பு குறைந்தோ இரவில் குழம்பிப் பேசிய முதியவர் மறுநாள் காலையில் தெளிந்திருக்கலாம். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் தலையசைத்துத் துல்லியமாகப் பதில் சொல்லலாம். காது கேட்கும் கருவியை வீட்டில் விட்டு வந்தவரைப் புரிதல் இல்லாதவராக எண்ணிவிட்ட சம்பவங்களும் உண்டு.

அவசரநிலையில் நேரும் தவறு வேறு திசையிலானது. விபத்தில் நினைவிழந்து வந்தவருக்கு உறவினர் வந்து கையெழுத்திடட்டும் என்று காத்திருப்பது சட்டத்தை மதிப்பதாகாது. உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே கூறிவிட்டது. ஒப்புதல் பெற இயலாத நிலையில் நல்லெண்ணத்துடன் அவருடைய நன்மைக்காகச் செய்வதற்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது.

படிவத்தைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் சேரும் நாளன்றே இருபது தாள்களோடு சேர்த்து வாங்கப்படும் "எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம்" என்ற கையெழுத்தை நம்பியிருப்பது மருத்துவருக்கே ஆபத்தானது. என்ன செய்யப்போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, கணிசமான ஆபத்துகள் எவை, செய்யாமல் விட்டால் என்னவாகும் என்ற ஐந்தையும் அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதும், மயக்கத்துக்கு முந்தைய ஊசி போட்ட பிறகு ட்ராலியில் வைத்துக் கையெழுத்து வாங்குவதும் இந்த நிபந்தனையை நிறைவேற்றா. முந்தைய நாளே பேசி, "நாளை என்ன செய்யப்போகிறோம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பார்த்தால், எது புரியவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அறுவைக்கு முன் ரத்தம் எடுக்கும்போதே சொல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்துவிடும் வழக்கத்தை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அனுமதிப்பதில்லை.

சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் மறுத்தால், "சொந்தப் பொறுப்பில் செல்கிறேன்" என்று எழுதி வாங்கியதோடு கடமை தீர்ந்தது என எண்ணுவது தவறு. ஏன் மறுக்கிறார் என்று கேட்க வேண்டும். பல நேரங்களில் காரணம் பணமாகவோ பயமாகவோ இருக்கும், இரண்டுக்கும் பேசி வழி காண இடமுண்டு. அப்படியும் போகிறார் என்றால், சிகிச்சைச் சுருக்கமும் மருந்துச் சீட்டும், எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்ப வேண்டும் என்ற விளக்கமும் தந்தே அனுப்ப வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது.

நோயாளிகளும் குடும்பத்தாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பேச இயலாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழிசெய்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. அப்படி எழுதியவர்களிலும் சிலர் அதை நகைப் பெட்டியோடு பூட்டி வைத்துவிடுகிறார்கள். அதன் நகல் ஒன்று, அதில் பெயர் குறிப்பிடப்பட்ட உறவினரிடமும், இன்னொன்று குடும்ப மருத்துவரிடமும் இருந்தால்தான், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அது பயன்படும்.