கரையான் போகும் வழியிலேயே அதற்குத் தீனி வையுங்கள்

கதவு நிலையிலோ சுவரோரப் பலகையிலோ பென்சில் பருமனுக்கு ஒரு மண்கோடு ஏறியிருந்தால், தயவுசெய்து உடனே பூச்சிமருந்து ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவது லட்சக்கணக்கில் இருக்கும் கூட்டத்தில் சின்னப் பகுதிதான். அதை மட்டும் கொன்றால் மற்றவை அந்த வழியை விட்டுவிட்டு, நீங்கள் பார்க்கவே முடியாத அலமாரிக்குப் பின்பக்கமாக வந்து சேரும்.

சிங்கப்பூர் வீடுகளில் பெரும் சேதம் செய்வது காப்டோடெர்மஸ் என்ற நிலத்தடி இனம். இதன் வேலைக்காரக் கரையான்களுக்குக் கண் தெரியாது, எங்கோ இருக்கும் மரத்தைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்து நேராக வருவதும் இல்லை. கூட்டிலிருந்து கிளைகிளையாகச் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். வேர், தண்ணீர்க் குழாய், சிமெண்ட் விரிசல் என எது எதிர்ப்பட்டாலும் அதன் ஓரமாகவே நகரும். ஒன்றுக்குத் தீனி கிடைத்துவிட்டால், திரும்பும் வழியெல்லாம் வயிற்றடியிலிருந்து ஒரு வாசனையைத் தடவிக்கொண்டே போகும், அதைப் பிடித்துப் பத்து வரும், பத்தும் தடவும், பாதை வலுத்துவிடும். அதனால்தான் ஒருமுறை கண்ட மரத்தை அவை விடாமல் அரிக்கின்றன.

ஆனால் எல்லா மரமும் அவற்றுக்கு ஒன்றல்ல. ஈரம் பட்டு, பூஞ்சை பிடித்து, மெத்தென்று ஆன மரம்தான் முதல் விருப்பம். தேக்கின் நடுவிலுள்ள கெட்டியான வைரப்பகுதியைக் கூடியவரை ஒதுக்கும். சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒழுகி ஊறிய ப்ளைவுட், ஸ்டோர் ரூம் தரையில் கிடக்கும் அட்டைப்பெட்டி, இவையெல்லாம் அதற்கு விருந்து. ஒரே கூட்டம் ஒரே நேரத்தில் பல இடங்களில் தின்னும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் பார்த்த மண்கோடு உண்மையில் கரையான் உள்ளே போய்வரும் மண்குழாய். அதில் நக அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். வெளிர்நிறக் கரையான்கள் உள்ளே ஓடும், மஞ்சள் தலைக் காவல்கரையான்கள் வெளியே வந்து நிற்கும், சீண்டினால் தலையில் பால்போல ஒரு வெள்ளைத் துளி கசியும். அப்படியென்றால் அது காப்டோடெர்மஸ். மறுநாள் அந்த ஓட்டை ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் அந்த வழி ஓட்டத்தில் இருக்கிறது, மருந்து கலந்த தீனிப்பெட்டியை அதன் மேலேயே பொருத்த வேண்டும். தள்ளி வைத்தால் தேடி வரும் என்று நம்ப முடியாது.

தீனியில் இருக்கும் குளோர்ஃப்ளூவாசூரான் போன்ற மருந்து கரையானைத் தோலுரிக்க விடாது. வாய்க்கு வாய் ஊட்டிக்கொள்ளும் பழக்கத்தால் அது கூடு முழுக்கப் பரவும், ஆனால் அதற்குச் சில வாரங்கள், சிலசமயம் மாதங்கள்கூட ஆகும். மெதுவாகக் கொல்வதுதான் இதன் பலமே. பொறுமையில்லாமல் தினமும் திறந்து பார்ப்பது, பக்கத்தில் ஸ்ப்ரே அடிப்பது, வாசனை திரவத்தால் துடைப்பது எல்லாம் காரியத்தைக் கெடுத்துவிடும்.

இதற்கிடையே ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள், நல்ல பெட்டிகளைத் தரையிலிருந்து உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். கரையான் ஏறிய பெட்டியை மட்டும் அசைக்காமல் விட்டு, தீனியை அங்கேயும் வையுங்கள். இப்போது தூக்கிப்போட்டால் அவை வேறு இடம் தேடிப் போய்விடும்.

வரிசை வீடாக இருந்தால் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள், கூடு அவர்கள் தோட்டத்தில்கூட இருக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மேல்மாடி என்பதால் வராது என்று இருந்துவிடாதீர்கள், குழாய்ப் பாதை வழியாக ஏறி வரும். இரண்டு வாரமாகியும் தீனியைத் தொடவில்லையென்றால், ஓட்டத்தில் இருக்கும் வேறொரு மண்குழாயைப் பார்த்து அதன் மேல் மாற்றி வையுங்கள்.