"இன்னிக்கு எத்தனை கேஸ்?" என்று மட்டும் கேட்காதீர்கள்

கொரோனா காலத்தில் சாயங்காலம் அறிக்கை வந்ததும் தெருவே கேட்ட கேள்வி அது. எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு நாள் 100 பேரைச் சோதித்ததில் 10 பேருக்குத் தொற்று, மறுநாள் 300 பேரில் 15 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். கேஸ் கூடிவிட்டது என்று பதறுவோம். ஆனால் தொற்று விகிதம் 10 சதவீதத்திலிருந்து 5-ஆக இறங்கியிருக்கிறது. அது இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்னது.

உடம்பு நன்றாக இருந்தால் டெஸ்ட் வேண்டாம் என்ற நினைப்பும் அப்போது தவறாகப் போனது. கோயம்பேடு சந்தையை 2020 மே 5 அன்று மூடியபோது, அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தொற்றும் கூடவே போனது. அறிகுறியே இல்லாதவர்கள் அவர்களில் நிறைய.

நெகட்டிவ் வந்ததும் கல்யாணத்துக்குக் கிளம்புவது அடுத்த தவறு. தொற்றியவுடனே டெஸ்டில் தெரியாது. 2020-இல் பரவிய வைரஸில் அறிகுறி வரவே சராசரியாக ஐந்து நாள், சிலருக்கு 14 நாள்கூட ஆனது. காய்ச்சல் இருந்தும், அரை மணிக்குள் முடிவு சொல்லும் ரேபிட் ஆன்டிஜென் டெஸ்டில் நெகட்டிவ் என்றால், ஆய்வகத்தில் இன்னும் துல்லியமாகப் பார்க்கும் ஆர்.டி.பி.சி.ஆர். டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்பது அப்போதைய விதி.

மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று வந்த பிறகும் போலீஸைக் கண்டால்தான் அது தாடையிலிருந்து மூக்குக்கு ஏறியது. வைரஸ் போலீஸைப் பார்த்து ஒதுங்காது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் தெருவில் தொற்று வந்த ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டி மாடிக்கு இழுத்துக்கொண்டார்கள் அந்த வீட்டார். அந்தப் பக்கம் நடக்கவே அஞ்சிச் சுற்றிப் போனோம், நானும்தான். நான்கு வீடு தள்ளி இருந்த அக்கா மூன்று நாள் காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்தார். டெஸ்ட் எடுக்கச் சொன்னதற்கு, "நம்ம வீட்லயும் தகரம் அடிக்கணுமா?" என்றார். ஒதுக்கிவைப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை இலவச முகாம் வாசலுக்கே வந்தாலும் ஜனங்கள் மூக்கை நீட்ட மாட்டார்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். காய்கறியை வாசலில் வைத்து, பெல் அடித்துவிட்டு நகருங்கள்.